பாம்பனில் ஒரு விண்ணப்ப மையம்: முதலில் வாசிக்கச் சொல்லும் கடை

வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடைகளுக்கு இராமநாதபுரம் கடற்கரையில் பஞ்சம் இல்லை. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரையிலும், மண்டபம் தாண்டித் தீவுக்குள் தங்கச்சிமடம், இராமேஸ்வரம் வரையிலும், கடைத்தெரு என்று ஒன்று இருந்தால் அதில் ஜெராக்ஸ் இயந்திரமும் கணினியும் வைத்த ஒரு கடை நிச்சயம் இருக்கும். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் தனியாக எழுதக் காரணம் உண்டு. என் தம்பிக்காகக் கடந்த ஓராண்டாக நான் போய்வந்துகொண்டிருக்கும் பாம்பன் கடை, படிவத்தை நிரப்பித் தருவதைவிட, படிவத்தோடு வரும் அறிவுரைகளை வாசிக்கவும், சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவும் பிள்ளைகளைப் பழக்குவதையே தன் முதல் வேலையாக வைத்திருக்கிறது. வேலை தேடும் பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கு இது பயன்படும் என்று நம்பி, நான் கண்டதை நல்லதும் குறையுமாக எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர் என்று ஒன்று இல்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் தெருவில், ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்னறையில், 'ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ' என்று எழுதிய பலகை மட்டும் தொங்குகிறது. உப்புக் காற்றில் அதிலும் பாதி எழுத்து மங்கிவிட்டது. நடத்துபவர் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் எல்லாரும் அவரைச் 'சார்' என்றே அழைக்கிறார்கள், அவர் பையன்களைத் 'தம்பி' என்றும் பெண் பிள்ளைகளைப் 'பாப்பா' என்றும் கூப்பிடுகிறார். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் சார் என்றே குறிப்பிடுகிறேன். உள்ளே இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு, புகைப்படம் எடுக்க வெள்ளைத் திரை. அந்தத் திரைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு தொங்குகிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இந்தக் கடைக்கு வந்ததே ஒரு நஷ்டத்துக்குப் பிறகுதான். தம்பி கணிதமும் இயற்பியலும் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். அப்பாவுக்கு நாட்டுப்படகுத் தொழில். சீருடைப் பணிக்குப் போக வேண்டும் என்பது தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே ஆசை. முதல் முறை விண்ணப்பித்தபோது, வேறு ஊரில் இருக்கும் ஒரு கடையில், கூட்டத்தோடு கூட்டமாக நின்று, பத்தே நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு வந்தான். அந்தக் கடைக்காரர் நேரத்தை மிச்சம் பிடிக்கத் தன்னுடைய மின்னஞ்சல் முகவரியையே விண்ணப்பத்தில் போட்டிருக்கிறார். நுழைவுச் சீட்டு வெளியான செய்தி அந்த முகவரிக்குப் போனது. அவருக்கு வரும் நூற்றுக்கணக்கான அஞ்சல்களில் அதுவும் ஒன்றாகக் கிடந்தது. நாங்கள் தேடிப்போய்க் கேட்டபோது தேர்வு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லி அன்று அழுதேன். ஆனால் விண்ணப்பத்தின் நகலையும் அறிவிக்கையையும் வீட்டில் வைத்து மறுபடி பார்த்தபோது, 'விண்ணப்பதாரர் தமது சொந்த, பயன்பாட்டில் உள்ள மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் மட்டுமே அளிக்க வேண்டும்' என்ற பொருளில் ஒரு வரி அறிவிக்கையிலேயே இருந்தது. தம்பியும் அதை வாசிக்கவில்லை, உடன் போன நானும் வாசிக்கவில்லை.

பாம்பன் கடைக்கு முதல் நாள் போனபோது சார் கணினியைத் திறக்கவே இல்லை. எந்தப் பணிக்கு என்று கேட்டார். அறிவிக்கையை அச்செடுத்தார். ஒரு பென்சிலையும் சேர்த்துத் தம்பி கையில் கொடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து முழுவதும் வாசித்துவிட்டு வரும்படி சொன்னார். 'வேண்டும்' என்று முடியும் ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஒரு கோடு, 'கூடாது' என்று முடியும் ஒவ்வொரு வரிக்குக் கீழும் இரண்டு கோடு. ஆங்கிலத்தில் மட்டும் வரும் அறிவிக்கையானால் அதற்கு ஈடான சொற்கள் எவை என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருக்கிறார், அதைப் பார்த்துக் கோடு போட வேண்டும். தம்பிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கோடு போட்ட தாளைச் சார் வாங்கிப் பார்த்து, விடுபட்ட மூன்று இடங்களைக் காட்டி, "இந்த மூணையும் சத்தமா வாசிங்க தம்பி" என்றார். மூன்றில் ஒன்று புகைப்படத்தைப் பற்றியது. அதன் பிறகுதான் கணினிக்கு முன்னால் நாற்காலி போட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் சார் இல்லை, தம்பிதான். விண்ணப்பத்தைப் பிள்ளைகளே தட்டச்சு செய்ய வேண்டும், அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார் என்பது அந்தக் கடையின் வழக்கம். தட்டச்சே தெரியாதவர்களுக்கும் ஒற்றை விரலால் அடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். சொந்த மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு அன்றே ஒன்று தொடங்கி, கடவுச்சொல்லை அவர்கள் கையாலேயே நோட்டில் எழுதவைக்கிறார், தான் அதைப் பார்ப்பதுகூட இல்லை.

அன்று ஒரு பையன் பொறுமை இழந்து, "இதெல்லாம் எதுக்கு சார், எல்லாக் கடையிலயும் அவங்களே போட்டுத் தர்றாங்க" என்று கேட்டுவிட்டான். சார் கோபப்படவில்லை. "உங்க அப்பா கடலுக்குப் போறதுக்கு முன்னாடி துறைமுகத்துல கூண்டு ஏத்தியிருக்கான்னு பாக்காமப் போவாரா?" என்று கேட்டார். பாம்பன் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. துறைமுக அலுவலகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒன்றாம் எண் என்றால் தொலைவில் கடலில் ஏதோ உருவாகிறது என்று பொருள். மூன்றாம் எண் என்றால் பலத்த காற்று நம் துறைமுகத்துக்கே வரக்கூடும் என்று பொருள். ஏதோ கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று அரைகுறையாகத் தெரிந்துகொண்டு எந்தப் படகுக்காரரும் வீடு திரும்புவதில்லை, எந்த எண் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் படகைக் கரையேற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். எங்கள் அப்பா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனாலும் மீன்வளத் துறையின் அறிவிப்பை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகும்போது, சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை அப்படியே நிறுத்திவிட்டுக் கடைசிச் சொல் வரை கேட்பார். அந்தக் கவனம் எங்கள் வீட்டிலேயே இருந்தும், விண்ணப்பம் என்று வந்தபோது எங்களுக்கு அது கைகொடுக்கவில்லையே என்று அன்று எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

இப்போது சிலேட்டுக்கு வருகிறேன். கடற்படையின் அக்னிவீர் சேர்க்கைக்கான விண்ணப்பத்தில் புகைப்படத்துக்கு என்று ஒரு தனி விதி உண்டு. விண்ணப்பதாரர் ஒரு கறுப்புச் சிலேட்டை நெஞ்சுக்கு முன்னால் பிடித்திருக்க வேண்டும், அதில் அவருடைய பெயரும் படம் எடுத்த தேதியும் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அறிவிக்கையை வாசிக்காதவர்கள் பர்ஸில் இருக்கும் பழைய பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்துவிடுவார்கள். தம்பிக்குப் படம் எடுத்த அன்று சார் ஈரத் துணியால் சிலேட்டைத் துடைத்து, அது காயும் வரை காத்திருக்கச் சொன்னார். ஈரத்தில் எழுதினால் எழுத்து படத்தில் மங்கித் தெரியுமாம். தம்பி தன் பெயரை எழுதினான். இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போட்டுவிட்டான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால் இருந்தது. சார் சான்றிதழைச் சிலேட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. தம்பியே அழித்துவிட்டு மறுபடி எழுதினான். தேதியில் ஒன்று என்ற எண் ஏழு போலத் தெரிந்ததால் அதையும் ஒரு முறை திருத்தினான். மூன்றாவது முறைதான் படம் எடுக்கப்பட்டது. சுண்ணத்தூள் சட்டையில் ஒட்டியிருந்ததை உதறிவிட்டு, சிலேட்டு இரண்டு தோள்களுக்கும் நடுவே நேராக இருக்கும்படி தன் கையாலேயே சரிசெய்து, சார் படம் எடுத்தார். அந்தப் படத்துக்கு அவர் வாங்கியது முப்பது ரூபாய்.

பெயர் விஷயத்தில் இந்தக் கடை காட்டும் பிடிவாதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஒரே பிள்ளைக்கு ஆதாரில் ஒரு எழுத்து முறை, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறொன்று, சாதிச் சான்றிதழில் மூன்றாவது ஒன்று என்று இருப்பது சாதாரணம். ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் வீட்டுப் பெயர் ஒன்றுமாக இருக்கும் குடும்பங்களில் குழப்பம் இன்னும் அதிகம். சார் விண்ணப்பத்தைத் தொடங்குவதற்கு முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்கிறார். வேறுபாடு இருந்தால், அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். வந்த வாடிக்கையாளரை அப்படி அனுப்புகிற கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாதிச் சான்றிதழிலும் இதே கதைதான். நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று வழங்கும் சான்றிதழ் வேறு. மத்திய அரசுப் பணிகளுக்கு, ரயில்வேக்கு, மத்தியப் பணியாளர் தேர்வாணையத்துக்குக் கேட்கும் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேறு. இரண்டாவது, மத்திய அரசின் படிவத்தில், வசதி பெற்ற பிரிவைச் (கிரீமி லேயர்) சேர்ந்தவர் அல்லர் என்ற உறுதியோடு இருக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு எட்டு லட்சம் ரூபாய் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வயது வரம்பில் மூன்று ஆண்டு சலுகை கிடைக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து மாநிலச் சான்றிதழைக் கொண்டுபோய், சான்றிதழ் சரிபார்ப்பு வரை வந்து திரும்பிய பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் வென்று, உடல் தகுதியில் வென்று, ஒரு காகிதத்தில் தோற்பதைப் போல வயிற்றெரிச்சல் வேறொன்றும் இல்லை.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கு இங்கே நல்ல வழிகாட்டல் கிடைக்கிறது. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அது ஐந்து ஆண்டுக்குச் செல்லும், ஆனால் அந்தப் பதிவு மட்டும் எந்தத் தேர்வுக்கும் விண்ணப்பம் ஆகாது, ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதைச் சார் வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லி, அவர்கள் வாயால் திரும்பச் சொல்லவைக்கிறார். பதிவு செய்தாயிற்று என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார் போலும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான இருபது விழுக்காட்டு இடஒதுக்கீடு 2010 சட்டத்தால் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, கேட்கப்படும் கல்வித் தகுதியை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும். ஆகவே ஒன்றாம் வகுப்பு முதல் படித்த பள்ளிகளில் சான்று வாங்க வேண்டும். மூன்று பள்ளி மாறிய பிள்ளைக்கு மூன்று இடத்திலும் அலைச்சல் உண்டு. தேர்வு அறிவிப்பு வருவதற்கு முன்பே இதை முடித்துவைக்கும்படி சார் சொல்கிறார், அந்த அறிவுரை மிகச் சரியானது.

குரூப் 4 எழுதப்போகிறவர்களுக்கு மாதிரி விடைத்தாளைக் கையில் கொடுத்துப் பயிற்சி தருகிறார். இருநூறு கேள்வி, முந்நூறு மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுத்தால்தான் மற்றப் பகுதியைத் திருத்துவார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். பலரும் தவறவிடுவது, விடை தெரியாத கேள்விக்கு E என்ற வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், எதையும் கறுப்பாக்காமல் விடக் கூடாது, தேர்வின் முடிவில் A, B, C, D, E ஒவ்வொன்றிலும் எத்தனை நிரப்பினோம் என்று எண்ணி உரிய கட்டத்தில் எழுத வேண்டும் என்ற விதிகளைத்தான். பள்ளியில் பத்து ஆண்டு தெரியாத கேள்வியை வெறுமனே விட்டுப் பழகிய கை, தேர்வு அறையில் மட்டும் மாறிவிடாது. அதனால் சார் ஞாயிறுதோறும் இருபது கேள்வித் தாள் ஒன்றை, வேண்டுமென்றே ஐந்தாறு கேள்விகளைக் கடினமாக வைத்துக் கொடுக்கிறார். விடைகளை அவர் திருத்துவதே இல்லை. வட்டங்களையும் எண்ணிக்கையையும் மட்டுமே பார்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புதான் இந்தக் கடையின் சிறப்பு. காலையில் கோயில் பூசைக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரை வரை நடக்கிறது. நான்கு ஞாயிறு கொண்ட ஒரு சுற்றுக்கு நானூறு ரூபாய். இதில் பாடம் எதுவும் இல்லை, அந்த விடைத்தாள் பயிற்சியைத் தவிர மற்றதெல்லாம் கேட்டல்தான். சார் உள்ளறைக்குப் போய்த் தம்பியின் கைப்பேசிக்கு அழைக்கிறார். ஒரு நிறுவனத்தின் மனிதவள அலுவலர் பேசுவதுபோல, சற்று வேகமாக, ஒரே ஒரு முறை, நேர்காணல் விவரங்களைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். வெளியே வந்து, என்ன சொன்னேன் என்று கேட்கிறார். முதல் வாரம் தம்பி நோட்டில் எழுதியிருந்தது 'திங்கள் 10 மணி' என்பது மட்டும். சார் சொன்னதோ, திங்கட்கிழமை காலை 9.45க்கு வரவேற்பறையில் பெயர் பதிய வேண்டும், அசல் சான்றிதழ்களும் இரண்டு தொகுதி நகல்களும் கொண்டுவர வேண்டும், நகல்களில் தாமே கையொப்பமிட்டிருக்க வேண்டும், பக்கவாட்டு வாயில் வழியாக வர வேண்டும் என்பது. நாளும் மணியும் காதில் விழுந்ததும் மனம் திருப்தி அடைந்து மற்றதை விட்டுவிட்டது. மணியும் சரியாக விழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்குச் சார் சொல்லித்தரும் வழி மிக எளியது. அழைப்பு வந்ததும், "ஒரு நிமிஷம் சார், எழுதிக்கிறேன்" என்று சொல்லி நோட்டை எடுக்க வேண்டும். கேட்டு எழுதியதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். கடைசியாக, வேறு ஏதாவது கொண்டுவர வேண்டுமா என்று கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் இதில் தடுமாறுவது முதல் படியில்தான். பெரியவர் ஒருவர் பேசும்போது குறுக்கே பேசி, பொறுங்கள் என்று சொல்வது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவர்கள். புரியாவிட்டாலும் 'சரிங்க சார்' என்று சொல்லிவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். வகுப்புக்கு வந்திருந்த உச்சிப்புளிப் பாப்பா ஒருத்தி நான்கு வாரமும் இந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிப் பழகினாள். நான்காவது வாரம் குரல் நடுங்காமல் சொன்னபோது எல்லாரும் கைதட்டினோம். நான் சும்மா துணைக்குப் போனவள்தான், ஆனால் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

தனியார் வேலைக்கு மின்னஞ்சல் அனுப்புவதற்கும் இதே முறை. ரெஸ்யூமைப் பிடிஎஃப் வடிவில் கேட்டால் பிடிஎஃப் வடிவில்தான் அனுப்ப வேண்டும், கைப்பேசியில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் தள்ளக் கூடாது. சப்ஜெக்ட் வரியில் பணியின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் போடச் சொல்லியிருந்தால் அதை அப்படியே போட வேண்டும். ஒரே விளம்பரத்துக்கு நூற்றுக்கணக்கில் அஞ்சல் வரும்போது, அந்த எண்ணை வைத்துத்தான் எந்தப் பணிக்கு யார் விண்ணப்பித்தார் என்று பிரிப்பார்கள், எண் இல்லாத அஞ்சல் எந்தக் கட்டிலும் சேராமல் நின்றுவிடும். சம்பள எதிர்பார்ப்பை எழுதச் சொன்னால் எழுத வேண்டும், கேட்காவிட்டால் எழுதத் தேவையில்லை.

வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்புகிறவர்களைச் சார் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கங்களில் வெளிநாட்டுப் பயணம் தலைமுறைப் பழக்கம். முகவர் சொல்வதைக் கேட்பதில் பிள்ளைகளுக்குக் குறையே இல்லை, ஆனால் அவரிடம் திருப்பிக் கேட்கத் தெரிவதில்லை. 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்படி ஆட்சேர்ப்பு முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடிப் பார்க்கலாம், சேவைக் கட்டணமாக முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், பணம் கொடுத்தால் ரசீது கேட்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வேலைக்கென்று குறிப்பிட்ட பதினெட்டு நாடுகளுக்குப் போக முன் அனுமதி பெற வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியத்தை எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள் என்பார் சார். இதற்கு அவர் கட்டணம் வாங்குவதில்லை. யார் வந்து கேட்டாலும் தளத்தைத் திறந்து காட்டுகிறார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, நேரம். ஒரு விண்ணப்பத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கூலி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறவர்களுக்கும், கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்கும் இது பெரிய சுமை. எல்லாச் சான்றிதழும் சரியாக இருப்பவர்களுக்காவது ஒரு விரைவு வரிசை வைக்கலாம் என்று சாரிடம் சொன்னேன், அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது, கடைசித் தேதியன்று வருகிறவர்களை அவர் ஏற்பதில்லை. அவசரத்தில் தவறு நேரும் என்கிறார். கொள்கை சரியானதுதான், ஆனாலும் கடலிலிருந்து அன்றுதான் கரைக்கு வந்த ஒரு பையன் வாசலில் நின்று திரும்பிப் போனதை நான் பார்த்தேன். அது எனக்கு உடன்பாடில்லை. மூன்றாவது, மின்சாரம். காற்றுக் காலத்தில் இங்கே மின்தடை அடிக்கடி வரும், கடையில் இருக்கும் சிறிய பேட்டரி ஒரு கணினியை அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். பாதி நிரப்பிய விண்ணப்பம் இரண்டு முறை எங்கள் கண்முன்னே போனது. பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை, பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் போக வேண்டும். ஆங்கிலத்தில் பேசும் பயிற்சியும் இங்கே கிடையாது, அதற்கு இராமநாதபுரம்தான் போக வேண்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை நியாயம் என்றே சொல்வேன். விண்ணப்பத்துக்கு நூறு ரூபாய், அரசுக் கட்டணம் தனி. அதற்கான ரசீதை அச்செடுத்து உறையில் போட்டுத் தருகிறார், உறையின் மேல் அடுத்து எந்தத் தேதியில் எதைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளையே எழுத வேண்டும். இலவசமாகக் கிடைப்பதை மறைத்துப் பணம் வாங்கும் வழக்கம் அவரிடம் இல்லை. இராமநாதபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடப்பதையும், வேலைவாய்ப்புப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும், மீனவ இளைஞர்கள் கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் சேரத் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தரும் தொண்ணூறு நாள் இலவசப் பயிற்சியையும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். தம்பிக்கு அந்தப் பயிற்சியைப் பற்றி முதலில் தெரிந்தது அந்தச் சுவரில்தான்.

தம்பியின் கடற்படை விண்ணப்பம் இந்த முறை எந்தக் குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது, நுழைவுச் சீட்டு அவன் கைப்பேசிக்கே வந்தது, தேர்வும் எழுதியிருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. இடையில் மதுரையில் உள்ள ஒரு கிடங்கில் கணக்குப் பதியும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். போன வாரம் அதற்கு அழைப்பு வந்தபோது நாங்கள் எல்லாரும் வீட்டில் இருந்தோம், அம்மா கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார். அவன் சொன்னான், "ஒரு நிமிஷம் சார், எழுதிக்கிறேன்." நோட்டை முழங்காலில் வைத்து எழுதினான். எழுதியதை வாசித்துக் காட்டினான். வேறு ஏதாவது கொண்டுவர வேண்டுமா என்று கேட்டான். அந்தப் பக்கம் சற்று யோசித்துவிட்டு, வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்க நகலும் வேண்டும், சொல்ல மறந்துவிட்டேன் என்றார்கள். அம்மா கையில் உப்போடு எழுந்து உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து பாஸ்புத்தகத்தை எடுத்து வந்து நோட்டின் மேல் வைத்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு: கடை காலை பத்து முதல் இரவு ஏழு வரை திறந்திருக்கும், செவ்வாய் விடுமுறை. அசல் சான்றிதழ்களோடு போங்கள், கைப்பேசியில் உள்ள படங்களைச் சார் ஏற்க மாட்டார். கடைசித் தேதிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகப் போங்கள். நோட்டும் பேனாவும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும், நீங்கள் தூக்கிக்கொண்டு போனால் வாசலிலேயே அதை வாங்கி அவர்களிடம் கொடுத்துவிடுவார்.